மணிக்கட்டுக்கு ஒரு மூடி

ராயபுரத்து நெல்சனைக் கிரேனிலிருந்து இறக்கியதற்குக் காரணம் அவர் குடித்தது அல்ல. அதைக் கம்பெனி பல வருஷமாகப் பெரிய மனசோடு பொறுத்துக்கொண்டுதான் வந்தது. ஆனால் புத்தாண்டு அன்று காலை, துறைமுகத்தில் ஒரு கன்டெய்னரை நடுவானில் தொங்கவிட்டுவிட்டு, கேபின் ஜன்னலைத் திறந்து, கீழே போகிறவர் வருகிறவருக்கெல்லாம் 'ஹேப்பி நியூ இயர்' சொல்லிக் கையசைத்துக்கொண்டிருந்தார். கன்டெய்னருக்கு நேர் கீழே கம்பெனி மேலாளரின் கார் நின்றது. மேலாளரும் உள்ளேதான் இருந்தார். பதிலுக்கு வாழ்த்துச் சொல்லும் மனநிலையில் அவர் இல்லை.

அன்றிலிருந்து நெல்சனுக்கு வாசல் கேட்டில் வேலை. வருகிற லாரியின் நம்பரை எழுத வேண்டும். போகிற லாரியின் நம்பரையும் எழுத வேண்டும். ஆயுசில் பாதியை வானத்தில் உட்கார்ந்து கழித்த மனிதர். மேலேயிருந்து பார்க்கும்போது மனிதர்களுக்கு உச்சந்தலை மட்டும்தான் உண்டு. அது எவ்வளவு பெரிய சௌகரியம் என்பது கீழே இறங்கி முகங்களைப் பார்த்த பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

"சார், என்னிய மேல ஏத்தி வுட்டுடுங்க சார். கீழ இருந்தா எனக்குத் தல சுத்துது" என்று மேலாளரிடம் போய் நின்றார்.

மேலாளர் யோசித்தார். "விம்கோ நகர்ல கவர்மெண்டு ஒரு மையம் தொறந்திருக்கு. கையில பட்டை கட்டுவாங்க. நீ குடிச்சா அந்தப் பட்டை காட்டிக் குடுத்துடும்னு அவங்க ஒரு சர்டிபிகேட் எழுதித் தரட்டும். பட்டையோட மேல ஏறு. பட்டை வேலை செய்யலைன்னா எறங்கிடணும். அதான் ரூல்."

ரூல் அப்போதுதான் பிறந்தது. ஆனாலும் பிறக்கும்போதே அதற்கு வயசாகியிருந்தது.

விம்கோ நகரில் வெகுநாள் பூட்டிக் கிடந்த ஒரு தொழிற்சாலைக் கொட்டகைக்கு வெள்ளையடித்து அந்த மையத்தைத் திறந்திருந்தார்கள். பெயர், 'தோல்வழி மது அளவீட்டு உயர் ஆய்வு மையம்'. பெயர்ப்பலகை கட்டடத்தைவிட ஒரு முழம் நீளம். மிச்சத்தைப் பக்கத்து டீக்கடையின் கூரை தாங்கிக்கொண்டிருந்தது. குடித்தவனை ஊதச் சொல்லாமலேயே கண்டுபிடிப்பது மையத்தின் லட்சியம். உள்ளே போன சரக்கில் ஒரு துளியாவது வியர்வையோடு தோல் வழியாக வெளியே வந்தே தீருமாம். தீப்பெட்டி அளவுக் கருவி ஒன்றை வாரில் கோத்து மணிக்கட்டில் கட்டிவிட்டால், அது இரவும் பகலும் தோலை முகர்ந்துகொண்டே இருக்கும். சரக்கு தட்டுப்பட்டால் சிவப்பு விளக்கு எரியும். குருவிக்குஞ்சு மாதிரி கத்தும். தட்டுப்படாவிட்டால் சும்மா இருக்கும்.

மையத்தின் இயக்குநர் முனைவர் சண்முகவேல். கழுத்து டையைத் தளர்த்தாமலே தூங்கக் கூடியவர். நெல்சனைக் கண்டதும் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டார்.

"குடிகாரர்களுக்காக என் வாழ்வையே அர்ப்பணித்திருக்கிறேன்" என்றார். "ஆனால் ஒரு குடிகாரரை நேரில் பார்ப்பது இதுதான் முதல் முறை. உட்காருங்கள். உங்களைப் போல இன்னும் ஏழு பேர் வேண்டும். தரமானவர்களாக இருக்க வேண்டும்."

"அது எங்க தெருவுல கொட்டிக் கெடக்குது சார்" என்றார் நெல்சன். தெருவைப் பற்றி ஓர் அரசு அதிகாரி அக்கறையாக விசாரித்தது அவருக்கும் அதுதான் முதல் முறை.

அந்தத் தெருவைப் பற்றி இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். கடலோரத்து மாதா கோயிலுக்குப் பின்னால், துறைமுகத்திலும் ரயில்வேயிலும் மீன் ஏலத்திலும் வேலை செய்கிறவர்கள் வாழ்கிற தெரு. வருஷம் முழுக்கக் குடிப்பார்கள். ஆனால் சாம்பல் புதன் அன்று சாமியார் நெற்றியில் சாம்பலால் சிலுவை போட்டுவிட்டால், அதற்குப் பிறகு ஈஸ்டர் வரை ஒரு சொட்டு உள்ளே போகாது. தவக்காலம். தெருமுனை அரசு மதுக்கடையின் சூப்பர்வைசர் வருஷா வருஷம் அந்த நாற்பது நாளில்தான் மருத்துவ விடுப்பு எடுத்துக்கொண்டு பழனிக்குப் பாதயாத்திரை போவார். அதே காரணத்தால், சாம்பல் புதனுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அந்தத் தெரு, வரப்போகிற நாற்பது நாளுக்கும் சேர்த்துக் குடிக்கும். ஒட்டகம் பாலைவனத்துக்குப் புறப்படுகிற மாதிரி.

மையத்தின் வேன், ஆள் தேர்வுக்காக வந்து சேர்ந்தது அந்தச் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்.

இயக்குநர் வேனிலிருந்து இறங்கவில்லை. கண்ணாடியை இறக்கிப் பார்த்தார். ஒருவர் மின்கம்பத்தோடு குடும்பப் பிரச்சினை பேசிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தன் வீட்டுக் கதவைத் தட்டி, "வூட்ல நான் கீறேனா?" என்று தன்னைத்தானே விசாரித்தார். நெல்சனின் மச்சான் லூயிஸ், காசிமேட்டில் மீன் ஏலம் விடுகிறவர், தெருவில் போன ஓர் ஆட்டை ஏலத்துக்கு விட்டு, ஆட்டின் சொந்தக்காரரிடமே அதை விற்றுவிட்டார்.

"மதி, பார்த்தாயா!" என்று இயக்குநருக்குக் குரல் தழுதழுத்தது. "எவ்வளவு வளமான பகுதி!"

மதி, மையத்தின் இளநிலை விஞ்ஞானி. திருவொற்றியூர்ப் பெண். "நாளைக்கு என்னமோ விசேஷம் போல சார்" என்றாள்.

"விசேஷம் நாளைக்கு இல்லை, இன்றைக்குத்தான்" என்றார் இயக்குநர். லூயிஸ் உட்பட மீதி ஏழு பேரையும் அங்கேயே தேர்ந்தெடுத்தார்.

மறுநாள் காலைப் பூசை முடிந்து, நெற்றியில் சாம்பலோடு எட்டுப் பேரும் ரயில் ஏறி விம்கோ நகருக்கு வந்தார்கள். பட்டையைக் கட்டி, அவிழ்க்க முடியாதபடி ஆணி அடித்து அனுப்பினார்கள். தினமும் சாயங்காலம் வந்து பட்டையில் கம்பியைச் செருகிக் கணக்குக் காட்ட வேண்டும். முதல் நாள் பூஜ்யம். இரண்டாம் நாளும் பூஜ்யம். எட்டுப் பேருக்கும் பூஜ்யம். வாரக் கடைசியில் இயக்குநரின் அறைச் சுவரில் ஒட்டியிருந்த வரைபடம், விம்கோ நகர் தண்டவாளத்தைவிட நேராகப் போய்க்கொண்டிருந்தது.

முதலில் கருவியைச் சந்தேகப்பட்டார்கள். அது சரியாக இருந்தது. பிறகு தோலைச் சந்தேகப்பட்டார்கள். எட்டுப் பேரையும் வெயிலில் ஓடவிட்டு வியர்க்க வைத்தார்கள். வியர்வை வந்தது, விளக்கு எரியவில்லை. கடைசியில் வேறு வழியில்லாமல் நெல்சனையே கேட்டார்கள்.

"சார், இது தவக்காலம் சார். குடிக்க மாட்டோம்."

"எந்தத் துறையின் உத்தரவு?"

"துறையெல்லாம் இல்ல சார்."

"அப்படியென்றால் யார் கையெழுத்து?"

"கையெழுத்து இல்ல சார். நெத்தியில சாம்பல் வெப்பாங்க."

இயக்குநர் மதியைப் பார்த்தார். "மாலை போட்டா குடிக்க மாட்டாங்க இல்ல சார், அது மாதிரி" என்று அவள் விளக்கினாள்.

"மாலை கழுத்தில் அணிவது. எனக்குப் புரிகிறது, அதுவும் நம் துறைதான். சாம்பலை ஒருவர் எப்படி அணிய முடியும்?" என்றார் இயக்குநர். பிறகு நெல்சனிடம் திரும்பி, மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு பேசினார். "பாருங்கள், குடியை ஒழிக்கத்தான் இந்த மையம். நீங்களே குடிக்காவிட்டால் நாங்கள் எதை ஒழிப்பது? இங்கே பதினான்கு ஊழியர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. உங்கள் சொந்த ஆரோக்கியத்தை மட்டும் பார்த்தால் நாடு எப்படி முன்னேறும்?"

நெல்சனுக்கு வெட்கமாகப் போய்விட்டது. குடித்ததற்காக ஏச்சு வாங்கிப் பழக்கம் உண்டு. குடிக்காததற்காக வாங்குவது புதுசு. எப்படித் தலை குனிவது என்றுகூடத் தெரியவில்லை.

"அப்ப என் சர்டிபிகேட் சார்?"

"பட்டை ஒருமுறையாவது கத்த வேண்டும். கத்தாத பட்டைக்கு நான் எப்படிச் சான்று தர முடியும்?"

மையமே சரக்கு வாங்கிக் கொடுக்கலாம் என்று முடிவாயிற்று. ஆனால் அரசுப் பணத்தில் மது வாங்க விதியில்லை. 'ஆய்வகத் திரவம்' வாங்க விதி உண்டு. அதற்கு மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்க வேண்டும். மூன்று அரசு மதுக்கடைகளில் கேட்டார்கள். மூன்றிலும் பாட்டில் மேலேயே விலை அச்சடித்திருந்தது, ஒரே விலை. மிகக் குறைந்த விலை எது என்று தீர்மானிக்க ஒரு குழு இரண்டு முறை கூடி, தீர்மானிக்க முடியாமல் டீ குடித்துக் கலைந்தது. மூன்றாவது கூட்டத்தில் சீட்டு எழுதிக் குலுக்கிப் போட்டார்கள். ஒரு வழியாக வந்து சேர்ந்த பிராந்திப் பாட்டிலுக்கு 'ஆய்வகத் திரவம் எண் 1' என்று சீட்டு ஒட்டி, அளவுக் குடுவையில் ஊற்றி, இயக்குநரே நெல்சனின் முன்னால் நீட்டினார்.

நெல்சன் குடுவையைப் பார்த்தார். அந்தக் குடுவைக்குள்ளே கிரேனின் கேபின் தெரிந்தது, கடல் தெரிந்தது, மேலாளரின் உச்சந்தலைகூடத் தெரிந்தது.

"வேணாம் சார்" என்று எழுந்து வந்துவிட்டார்.

வீட்டில் இதைச் சொன்னபோது மனைவி அடைக்கலமேரி மீன் கழுவிக்கொண்டிருந்தாள். "வேணாம்னுட்டியா? நீயா?" என்று நிமிர்ந்து பார்த்தாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் அப்படிப் பார்த்ததில்லை.

"இன்னா பண்றது மேரி. அங்க குடிச்சாத்தான் மேல ஏத்துவாங்களாம். நான் கேட்டுலயே ஒக்காந்து லாரிய எண்ணிக்கினு கெடக்க வேண்டியதுதான்."

திண்டில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த லூயிஸ், ஏலத்தில் விலை ஏற்றுகிற குரலில் ஆரம்பித்தார். "மாமா, நீ இன்னாத்துக்குப் பேஜாராவுற? மிஷினு வாயிலயா கீது? கையிலதான கீது? கைக்கு ஊத்து!"

"டேய் லூயிசு, தவக்காலத்துல சரக்க இந்த வூட்டுக்குள்ள எடுத்தாந்த, வெளக்கமாறு பிஞ்சுரும்" என்றாள் அடைக்கலமேரி. "கைன்னா மட்டும் இன்னா? கைக்குத் தவக்காலம் கெடையாதா?"

இது பெரிய கேள்வி. நெல்சன் கோயிலுக்குப் போய், செய்த பாவத்தைப் பலகைக்கு அந்தப் பக்கம் இருக்கிற சாமியாரிடம் சொல்கிற பாவசங்கீர்த்தனத் தொட்டியில் முழங்காலிட்டார்.

"ஃபாதர், நான் இன்னும் பாவம் பண்ணல. பண்ணலாமான்னு கேட்டுக்கினு போலாம்னு வந்தேன்."

பங்குச் சாமியார் தூத்துக்குடிக்காரர். விஷயம் முழுவதையும் கேட்டார். பலகைக்கு அந்தப் பக்கம் புத்தகம் புரட்டுகிற சத்தம் கேட்டது.

"வாயைப் பத்திச் சபைச் சட்டத்துல நெறைய இருக்கு வே" என்றார் கடைசியில். "மணிக்கட்டைப் பத்தி ஒண்ணும் இல்ல. இல்லாததை வச்சு நான் என்ன சொல்ல? எதுக்கும் கொஞ்சமா ஊத்தும்."

'கொஞ்சமா' என்பதை நெல்சன் லூயிஸிடம் சொல்ல மறந்துவிட்டார். காசிமேட்டுக் கடலோரப் பாறைகளில் உட்கார்ந்து, நெல்சன் கையை நீட்டி முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்ள, லூயிஸ் ஒரு குவார்ட்டரை அப்படியே பட்டையின் மேல் கவிழ்த்தார். பட்டை கத்தியது. காக்கைகள் எழுந்து பறந்தன. இரண்டு பேரும் எச்சிலை விழுங்கிக்கொண்டு, வெறும் வாயோடு வீட்டுக்கு வந்தார்கள்.

மறுநாள் சாயங்காலம் வழக்கம்போலக் கம்பியைச் செருகிவிட்டு, நெல்சன் வராந்தா பெஞ்சில் காத்திருந்தார். உள்ளே பரபரப்பு. யாரோ ஓடினார்கள். கொஞ்ச நேரத்தில் எல்லாரும் நடுக்கூடத்தில் கூடி நின்றார்கள். நெல்சனும் போய்ப் பின்வரிசையில் நின்றார். யாரோ பெரிய மனிதர் போய்விட்டார் போலிருக்கிறது என்று தலையைக் கவிழ்த்துக்கொண்டார்.

"அறிவியலுக்காகத் தன்னையே தந்துவிட்ட அந்த எளிய உழைப்பாளியின் ஆன்மா சாந்தியடைய" என்று இயக்குநர் குரல் கம்மச் சொன்னார், "இரண்டு நிமிட மௌனம்."

மௌனம் அனுஷ்டிக்கப்பட்டது. நெல்சன் இறந்தவருக்காக மனசார ஒரு 'அருள் நிறைந்த மரியே' ஜெபம் சொன்னார். முடிந்ததும் பக்கத்தில் நின்ற மதியிடம், "யாருமா செத்துட்டது?" என்று மெதுவாகக் கேட்டார்.

மதி திரும்பிப் பார்த்து, ஒரு முழம் துள்ளினாள். "சார்! அவரு இங்கதான் நிக்கிறாரு சார்!"

இயக்குநர் அருகில் வந்து நெல்சனை மேலும் கீழும் பார்த்தார். கருவி காட்டிய அளவு மனிதனுக்குத் தாங்காது, யானைக்குக்கூடச் சிரமம் என்று விளக்கினார். "கருவிப்படி நீங்கள் நேற்று சாயங்காலமே இறந்துவிட்டீர்கள்."

"நான் நின்னுக்கினுதான சார் கீறேன்?"

"நிற்கிறீர்கள் என்பது என் கண்ணின் கருத்து. கருவியின் கருத்து வேறு. கண்ணை நம்புவதாக இருந்தால் அரசு எதற்கு இவ்வளவு செலவில் ஒரு மையத்தைத் திறந்திருக்கிறது?"

மதி நெல்சனின் கையைப் பிடித்து முகர்ந்தாள். "இன்னாண்ணா இது, ஊறுகா மாதிரி ஊறிக் கெடக்குது பட்டை!" என்றாள். அதோடு நெல்சன் உயிர்த்தெழுந்தார், ஈஸ்டருக்கு வெகுநாள் முன்னதாகவே. வேறு பட்டை கட்டி, கடுமையாக எச்சரித்து அனுப்பினார்கள். சுவரில் கோடு மறுபடியும் நேரானது.

இதற்குள் கோட்டையிலிருந்து தகவல் வந்தது. இவ்வளவு நாளில் மையம் என்னதான் கண்டுபிடித்தது என்று பார்க்கத் துறைச் செயலாளரே வருகிறாராம். கண்டுபிடிக்கவில்லையென்றால் மையத்தை மூடிவிடுவார்களாம். இயக்குநர் இரண்டு நாள் அறையை விட்டு வெளியே வரவில்லை. மூன்றாம் நாள் வந்தார். முகத்தில் ஞானம் பிறந்த களை.

"நாம் எவ்வளவு பெரிய முட்டாள்கள்!" என்று ஊழியர்களைப் பார்த்துச் சிரித்தார். "செவ்வாய்க்கிழமை வரை அந்த எட்டுப் பேரும் குடித்தார்கள். என் கண்ணால் பார்த்தேன். புதன்கிழமை பட்டை கட்டினோம். அன்றிலிருந்து குடிக்கவில்லை. இது குடியைக் கண்டுபிடிக்கும் கருவி அல்ல. குடியைத் தடுக்கும் கருவி!"

"சார், அது தவக்காலம்" என்றாள் மதி.

"அதற்கு நாம் வைக்கப்போகிற பெயர் வேறு."

பத்திரிகைகளில் செய்தி வந்தது. எண்ணூரிலிருந்தும் திருவொற்றியூரிலிருந்தும் பெண்கள் புருஷன்மாரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து வாசலில் வரிசை கட்டினார்கள். கருவி தீர்ந்துபோனதால் வெறும் வாரை மட்டும் கட்டி அனுப்பினார்கள். அதுவே நன்றாக வேலை செய்கிறது, ஒரு வாரமாக அவர் தொடவில்லை என்று ஓர் அம்மாள் கண்ணீரோடு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அந்த வாரம் முழுக்க அவர் புருஷன் கால் முறிந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார் என்பது பிற்பாடு தெரியவந்தது. அதையும் நல்ல பலன் என்றே சேர்த்துக்கொண்டார்கள்.

நெல்சனுக்குத் தலைகால் புரியவில்லை. முன்பு வெட்கப்பட வைத்த பூஜ்யத்துக்கு இப்போது சால்வை போர்த்தினார்கள். "செயலாளர் கையாலேயே உங்களுக்குச் சான்றிதழ். திருவொற்றியூர் கல்யாண மண்டபத்தில் விழா. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், ஏப்ரல் எட்டு" என்றார் இயக்குநர்.

நெல்சன் விரல் விட்டு எண்ணிப் பார்த்தார். வியர்த்தது. பட்டை சும்மா இருந்தது.

"சார், அந்தத் தேதி மட்டும் வேணாம் சார். அன்னிக்கு ஈஸ்டர் சார்."

"பண்டிகையா? மிகவும் நல்லது. குடும்பத்தோடு வந்துவிடுங்கள்."

ஈஸ்டர் அன்று காலைப் பூசை முடிந்ததும் நெல்சன் மற்ற ஏழு பேரையும் கோயில் வாசலிலேயே மடக்கினார். தெருவெல்லாம் பிரியாணி வாசனை. பழனியிலிருந்து திரும்பி வந்த சூப்பர்வைசர் கடைக் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"டேய், சாயங்காலம் வரைக்கும் பொறுத்துக்கங்கடா. அந்தப் பேப்பரு என் கைக்கு வந்துரட்டும். அப்பால நானே வாங்கித் தரேன்."

"இன்னா மாமா பேசற?" என்றார் லூயிஸ். "நாப்பது நாளு ஆண்டவருக்காக இருந்தோம். நாப்பத்தோராவது நாளு டைரக்டருக்காக இருக்கணுமா? அவரு எந்தச் சிலுவையில தொங்குனாரு?"

ஏழு பேரும் கடைப் பக்கம் நடந்தார்கள். நெல்சன் மட்டும் பிரியாணியைத் தண்ணீரோடு சாப்பிட்டார். கிரேன் மேலே ஏறுகிற ஏணியை நினைத்துக்கொண்டே ஒவ்வொரு கவளமாக விழுங்கினார். அடைக்கலமேரி அவர் இலையில் இன்னொரு துண்டு கறி வைத்தாள்.

மண்டப மேடையில் 'பட்டை கட்டுவோம், பாட்டிலை விடுவோம்' என்று பேனர். ஓரத்து மேசையில் கண்காட்சி: கருவி, வரைபடம், பொட்டு வைத்து மாலை போட்ட ஆய்வகத் திரவம் எண் 1. எட்டுப் பேரையும் வேனில் ஏற்றிவந்து மேடையில் நிறுத்தினார்கள். செயலாளர் குத்துவிளக்கு ஏற்றத் தீக்குச்சியைக் கிழித்தார்.

முதலில் ஒரு பட்டை கத்தியது. அதைக் கேட்டு இன்னொன்று. பிறகு ஏழும் சேர்ந்து, காசிமேட்டில் படகு வந்ததும் பருந்துகள் கத்துகிற மாதிரி கத்தத் தொடங்கின. லூயிஸ் இயக்குநரைக் கட்டிப்பிடித்து, "ஹேப்பி ஈஸ்டர் சார்! கலீஜா ஒரு டை கட்டிக்கினு கீற, ஆனா தங்கமான மன்சன் சார் நீ!" என்றார்.

இயக்குநரின் முகம் பேனர் மாதிரி வெளுத்தது.

செயலாளர் குச்சியை அணைத்துவிட்டு அருகில் வந்தார். அவர் பத்திரிகை படிக்கிறவர் அல்ல. 'குடியைக் கண்டுபிடிக்கும் கருவி' என்றிருந்த பழைய கோப்பை மட்டும் படித்துவிட்டு வந்திருந்தார். லூயிஸின் கையைத் தூக்கிப் பார்த்தார். சிவப்பு விளக்கு. முகத்துக்கு அருகே போய் முகர்ந்தார். அடுத்தவரை முகர்ந்தார். ஏழு பேரையும் முகர்ந்து முடித்துவிட்டு மைக்கைப் பிடித்தார்.

"அற்புதம்! மேடையிலேயே செய்துகாட்டி நிரூபித்த ஒரே துறை நம் துறைதான். குடித்திருக்கிறார்கள், கருவி கத்துகிறது. ஏழுக்கு ஏழு!"

கைதட்டல் எழுந்தது. இயக்குநர் ஒரு வினாடிதான் தடுமாறினார். பிறகு மைக்கை வாங்கி, "ஐயா, இந்த ஒரு தருணத்துக்காகத்தான் நாற்பது நாட்களாக இவர்களைக் காய வைத்திருந்தோம்" என்றார்.

செயலாளர் எட்டாவது ஆளிடம் வந்தார். நெல்சனின் பட்டை கம்மென்று இருந்தது.

"இது ஏன் கத்தவில்லை?"

"சார், நான் குடிக்கல சார்" என்றார் நெல்சன்.

செயலாளர் அவரைப் பார்க்கவில்லை, பட்டையைத்தான் பார்த்தார். "இந்த ஒன்று மட்டும் பழுது போலிருக்கிறது" என்றார் வருத்தத்தோடு.

"ஆமாம் ஐயா. ஆரம்பத்திலிருந்தே கொஞ்சம் கோளாறான ஆள்" என்றார் இயக்குநர். "இடையில் ஒருமுறை இறந்தும் போய்விட்டார்."

சான்றிதழ் வழங்கினார்கள். மேலாளரின் கோரிக்கைப்படி எல்லாச் சான்றிதழிலும் 'கிரேன் ஏறத் தகுதியானவர்' என்று அச்சாகியிருந்தது. லூயிஸ் ஒன்று வாங்கினார். அவர் ஆயுசில் மீன் கூடையைத் தவிர வேறெதையும் தூக்கியவர் அல்ல. அடுத்து வாங்கியவருக்கு மாடிப்படி ஏறினாலே மயக்கம் வரும். ஏழும் முடிந்தது. மேசையில் ஒன்று மிச்சம் இருந்தது. அதில் நெல்சனின் பெயர் இருந்தது. ஊழியர் ஒருவர் அதை எடுத்து மடித்து உள்ளே வைக்கப் போனார்.

நெல்சனுக்குக் கிரேனின் ஏணி, படி படியாகக் கழன்று விழுவது போலிருந்தது.

"சார்!" என்று கத்தினார். மைக் இல்லாமலே கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இப்ப நான் குடிச்சா குடுப்பீங்களா சார்?"

செயலாளரும் இயக்குநரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நியாயமான கேள்வி.

"உடனே" என்றார் செயலாளர்.

கண்காட்சி மேசையிலிருந்து ஆய்வகத் திரவம் எண் 1 வந்தது. மாலையைக் கழற்றி நெல்சனுக்குப் போட்டார்கள். அளவுக் குடுவையில் ஊற்றி, 'பாட்டிலை விடுவோம்' பேனருக்கு நேர் கீழே நின்று, செயலாளர் இரண்டு கையாலும் நீட்டினார். புகைப்படக்காரர், "சார், கொஞ்சம் இந்தப் பக்கம் பாத்துக் குடுங்க" என்றார். தேசிய கீதத்துக்கு முன்பு இருக்கிற மாதிரி ஓர் அமைதி. நெல்சன் முன்வரிசையில் இருந்த அடைக்கலமேரியைப் பார்த்தார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. ஒரே மடக்காகக் குடித்தார்.

எல்லாரும் அவர் மணிக்கட்டைப் பார்த்தபடி காத்திருந்தார்கள். தோல் வழியாக வர நேரமாகும் என்று மதி சொன்னாள். அந்த இடைவெளியில் செயலாளர் மதுவின் தீமைகளைப் பற்றிப் பேசினார். குடியால் குடும்பங்கள் அழிவதைச் சொல்லி அவர் கண்ணைத் துடைத்த இடத்தில், பட்டை கத்தியது. மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது.

வீட்டுக்குத் திரும்புகிற ரயிலில் அடைக்கலமேரி கேட்டாள்: "நாப்பது நாளு கெவுரவமா இருந்த. மேடை ஏத்திக் குடிக்கவச்சி மால போட்டு அனுப்பிச்சாங்க. இன்னா கவர்மெண்டுய்யா இது?"

நெல்சன் சான்றிதழைக் காற்றில் பறக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார். "மேல ஏறணும் மேரி" என்றார்.

திங்கட்கிழமை காலை மேலாளர் சான்றிதழை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். "கடைசியா எப்பக் குடிச்ச?"

"நேத்து சாயங்காலம் சார். செகரெட்டரி கையால."

மேலாளர் மறுபேச்சுப் பேசாமல் கேபின் சாவியைக் கொடுத்தார். காரை மட்டும் தள்ளி நிறுத்தச் சொன்னார்.

அதற்குப் பிறகு ஒரு குறையும் இல்லை. சாயங்காலம் நெல்சன் அளவாகக் குடிப்பார், பட்டை கத்தும். காலையில் பட்டை அடங்கியிருக்கும், மேலே ஏறுவார். பட்டை நன்றாக வேலை செய்கிறது என்று மையமும் மாதா மாதம் கம்பெனிக்குச் சொல்லிவந்தது. ஒரு வருஷம் இப்படியே உச்சந்தலைகளைப் பார்த்துச் சந்தோஷமாக ஓடியது.

மறுவருஷம் சாம்பல் புதன் வந்தது.

அன்று கோயில் வாசலில் மையத்தின் வேன் நின்றது. எட்டுப் பேரும் ஏன் நாற்பது நாள் குடிக்கவில்லை என்பது மட்டும் விளங்காமல் இருந்ததால், முதல் நாள் அவர்கள் நெற்றியில் காணப்பட்ட சாம்பல் நிறப் பொடியை ஆராய்வதற்கு ஒரு புதுத் திட்டம் அனுமதியாகியிருந்தது. இயக்குநர் கையில் கண்ணாடிக் குப்பியோடு கோயிலுக்குள் போய்ச் சாமியாரை அணுகி, இந்தப் பொடியைப் பயன்படுத்த யாரிடம் அனுமதி வாங்க வேண்டும் என்று கேட்டார். சாமியார் விரலை மேலே காட்டினார். இயக்குநர் அண்ணாந்து பார்த்தார். மேலே மின்விசிறிதான் ஓடிக்கொண்டிருந்தது. அதன் கம்பெனிப் பெயரைக் குறித்துக்கொண்டார்.

வாரம் ஒன்று போனது. நெல்சன் கேபினில் இருந்தபோது கீழேயிருந்து வாக்கிடாக்கியில் மேலாளர் கூப்பிட்டார். "நெல்சன், உன் பட்டை ஒரு வாரமா கத்தலையாம். பழுதுன்னு மையத்துலேருந்து போன் வந்துது. ரூல் தெரியுமில்ல? எறங்கிடு."

"சார், நான் குடிக்கல சார். அதான்."

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. கத்தாத பட்டையோட மேல இருக்கக் கூடாது."

நெல்சன் ஏணி வழியாக இறங்கி வந்தார். ஒவ்வொரு படிக்கும் மனிதர்களுக்கு முகம் முளைத்துக்கொண்டே வந்தது.

மறுநாள் விடியற்காலை ஜெபம் முடிந்ததும் அடைக்கலமேரி கதவைச் சாத்தினாள். அரிசிப் பானைக்குப் பின்னாலிருந்து ஒரு சின்ன பாட்டிலை எடுத்தாள். தவக்காலத்தில் அந்த வீட்டுக்குள் வந்த முதல் பாட்டில். அவளே தலையில் முக்காடு போட்டுக்கொண்டு போய் வாங்கிவந்தது. "நீட்டு" என்றாள்.

நெல்சன் கையை நீட்டி, முகத்தை மாதா படத்தின் பக்கம் திருப்பிக்கொண்டார். அவள் பாட்டில் மூடியில் அளந்து ஊற்ற, பட்டை குருவிக்குஞ்சு மாதிரி இரண்டு தடவை கத்தி அடங்கியது. அன்றே சாவி திரும்பிக் கிடைத்தது.

அன்றிலிருந்து தவக்காலம் முழுக்கத் தினமும் ஒரு மூடி. ஒரு சொட்டு கூடவும் விடமாட்டாள், குறையவும் விடமாட்டாள். குறைந்தால் மனுஷன் கிரேனிலிருந்து இறங்க வேண்டும். கூடினால், போன தடவை மாதிரி செத்துப்போய்விடுவார்.